ரத்தம் கேட்டு வாசலில் நிற்கும் முன்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். சாமான் வாங்கப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாலக்காடு அல்லது கோயமுத்தூர். இந்த ஊர்களிலும் வடக்கே அட்டப்பாடியிலும் உடல்நல ஆய்வுகளுக்காகப் பல வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

இப்போது மரபணு ஆய்வுகளும் வந்துவிட்டன. நர்சிங் முடித்தவர்கள், லேப் டெக்னீஷியன் படித்தவர்கள், சமூகப்பணி மாணவர்கள் எல்லாம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று களப்பணிக்கு வருகிறார்கள். ஊசி போடவும் டியூபில் ஸ்டிக்கர் ஒட்டவும் அவர்களுக்கு நன்றாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது, எப்படிக் கேட்பது, எப்போது கிளம்புவது என்பதற்குப் பயிற்சி கிடையாது. புதிதாக வரும் உங்களுக்காக அதை எழுதுகிறேன்.

பழைய கணக்கைக் கேளுங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வீட்டில் போய் நின்றேன். திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த பாட்டி, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போன வாட்டி வந்து எடுத்துட்டுப் போனாங்களே, அந்த ரத்தம் என்னாச்சு கண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்தபோது, மூன்று வருடத்துக்கு முன் வேறொரு குழு வந்து அந்தத் தெருவில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்திருந்தது. ரத்தசோகை பற்றிய ஆய்வு. ஒரு வீட்டுக்குக்கூட அளவைச் சொல்லி அனுப்பவில்லை. கை நீட்டியவர்களில் பாதிப்பேருக்கு எதற்காக நீட்டினோம் என்றே நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம், எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை என்பதுதான்.

ஆகவே ஊருக்குள் கால் வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஊரின் சுகாதாரப் பணியாளரான ஆஷா வர்க்கர், அங்கன்வாடி டீச்சர், வார்டு மெம்பர் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: இதற்கு முன் யார் வந்தார்கள், என்ன எடுத்தார்கள், என்ன திருப்பிக் கொடுத்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. முன்பு வந்தது உங்கள் நிறுவனமே என்றால், அந்தப் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து, என்ன தெரியவந்தது என்று இரண்டு வரியாவது சொல்லாமல் புதிய டியூபை வெளியே எடுக்காதீர்கள். இதை உங்கள் மேற்பார்வையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். நியாயமான கோரிக்கைதான்.

இதே தாலுகாவில் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2002-ல் அங்கே குளிர்பான ஆலைக்கு எதிராகப் போராட்டம் தொடங்கிய பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனவர்கள் பலர். 'சாம்பிள்' என்ற சொல் இந்தப் பக்கத்து மக்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர்களிடம் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள்.

பையில் இருக்க வேண்டிய தாள்கள்

இது சுருக்கம்தான். உங்கள் ஆய்வுக்கு நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாம் சொல்லும் ஐசிஎம்ஆர், 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத சாதாரணக் குடிமகன் ஒருவரும் அதில் உட்கார வேண்டும். அந்தக் குழுவின் போன் நம்பர் தகவல் தாளில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் கூப்பிட வேண்டிய நம்பர் அது. அதை நீங்களே விரலால் தொட்டுக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

அட்டப்பாடி மாதிரிப் பழங்குடிப் பகுதி என்றால் இன்னும் இரண்டு படி உண்டு. அரசு அதிகாரிகளின் முன் அனுமதி வேண்டும். ஊர்த் தலைவரான மூப்பனையும் ஊர்க்கூட்டத்தையும் பார்த்துப் பேச வேண்டும். ஆனால் ஒன்று: மூப்பன் சரி என்று சொன்னால் ஊருக்குள் போகலாம் என்றுதான் பொருள். ஒவ்வொருவர் கையும் அவரவர் கைதான். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். தோட்ட முதலாளி அனுமதித்தார், மெம்பர் சொல்லிவிட்டார் என்பதற்கும் இதே கணக்கு.

முகவரி எழுதும்போது 'காலனி' என்று எழுதாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வாழும் இடங்களுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று கேரள அரசே 2024 ஜூனில் உத்தரவு போட்டது. பழைய படிவத்தில் அது அச்சாகியிருந்தால் கேட்டு மாற்ற வையுங்கள்.

தாளைப் பேச்சாக்குவது

இந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இடம்தான். இங்கே நிதானமாக இருங்கள்.

எல்லையோரத்தில் தகவல் தாள் இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். ஒன்று, மலையாளத்தில் மட்டும் இருக்கும். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருக்க, உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கும் தாள் அவர்களுக்கு வாசிக்க வராத எழுத்தில் இருக்கக் கூடாது. தமிழ்த் தாள் இல்லையென்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே சரி.

இரண்டாவது, தமிழ்த் தாள் இருக்கும், தமிழ் இருக்காது. ஒருமுறை மலையாளத்திலிருந்து மாற்றிய தாள் ஒன்று கைக்கு வந்தது. மலையாளத்தில் 'பங்காளி' என்றால் பங்கெடுப்பவர். மாற்றியவர் அதை அப்படியே விட்டுவிட்டார். "இந்த ஆய்வின் பங்காளியாக நான் சம்மதிக்கிறேன்" என்று நான் வாசித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் என்னை நிறுத்தினார்.

"பங்காளின்னா எங்களுக்குச் சாவுத் தீட்டு இருக்கிறவங்க. நீங்க எப்படி எனக்குப் பங்காளி ஆவீங்க? நீங்க எந்தக் கூட்டம்?"

நியாயமான சந்தேகம். கொங்குப் பக்கம் கூட்டம் என்றால் குலம், ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள். அதற்குள் பெண் எடுக்க மாட்டார்கள். ரத்தம், பரம்பரை என்று பேச வந்துவிட்டு 'பங்காளி' என்று சொன்னால் அவர் காதில் அது உறவுக் கணக்காகத்தான் விழும். ரத்தம் கொடுத்தால் ஏதோ சொந்தம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று அவர் பயந்திருக்கிறார். அன்று அவர் கேட்டார். கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. 'ஆய்வு' என்றால் கலெக்டர் ஜீப்பில் வந்து பார்ப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டு வரி, பட்டா என்று மனசு அங்கே ஓடிவிடுகிறது. 'ரத்த மாதிரி' என்றால் "ரத்தம் மாதிரியா? அப்ப ரத்தம் இல்லையா?" என்று கேட்ட பெண்ணைப் பார்த்திருக்கிறேன். 'சோதனை' என்றால் சாமி கொடுக்கும் கஷ்டம். மலையாளத் தாளில் வரும் 'கவேஷணம்', 'ஜனிதகம்' இரண்டும் தமிழ்க் காதுக்கு வெறும் சத்தம். 'மரபணு' என்ற நல்ல தமிழ்ச்சொல்கூட பத்தாம் வகுப்பு தாண்டாதவர்களிடம் நிற்பதில்லை. "அப்பா அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றது" என்று சொன்னால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். களத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு, ஆய்வில் சேராத நான்கைந்து பேரிடம் தாளை வாசித்துக் காட்டுங்கள். அங்கன்வாடி ஆயா, டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் யாராக இருந்தாலும் சரி. எங்கே முகம் சுருங்குகிறதோ அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சடித்த தாளை நீங்களாகத் திருத்தக் கூடாது. மொழிபெயர்ப்பும் நெறிமுறைக் குழு பார்த்து ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். குறித்ததை மேலே அனுப்புங்கள், திருத்தம் வரட்டும். ஒரு வாரம் போகும், போகட்டும்.

எப்போது போவது, எப்படி உட்காருவது

காலையில் தொழிலுறப்பு என்கிற அரசு ஊரக வேலைக்கோ காட்டு வேலைக்கோ கிளம்பும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். முதலமடைப் பக்கம் மாங்காய் பறிக்கும் பருவத்தில் பகலில் வீட்டில் ஆளே இருக்காது. சாயங்காலம் நான்கரைக்கு மேல் போனால் மனுஷர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். மரபணுவுக்கு எடுக்கும் ரத்தத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு எதுவும் பார்க்காத ஆய்வில், வழக்கம் என்பதற்காக கூலிக்குப் போகிறவர்களைப் பட்டினி போட்டு நிறுத்தி வைக்காதீர்கள்.

டீயோ தண்ணீரோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். முக்கியமாகப் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளில். "இப்பத்தான் குடிச்சேன்" என்று நீங்கள் உண்மையையே சொன்னாலும், அவர்கள் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கும் வேறொரு காரணம்தான் அவர்கள் காதில் விழும். சொம்பில் கொடுத்த தண்ணீரை வாங்கக் கூச்சப்படுகிறவருக்கு அந்தக் கையிலிருந்து ரத்தம் கேட்க உரிமை இல்லை.

ஆஷா வர்க்கரைக் கூட்டிக்கொண்டு போனால் கதவு சீக்கிரம் திறக்கும். அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பிரசவத்துக்குக் கூட வந்தவர், தடுப்பூசிக்கு ஞாபகப்படுத்துபவர், அவர் முகத்துக்காக 'மாட்டேன்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நான் பின்பற்றுவது இப்படி: ஆஷா வந்து அறிமுகம் செய்யட்டும், பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விடட்டும். சம்மதம் கேட்கும் நேரத்தில் நானும் வீட்டாரும் மட்டும்.

கேட்பது

நான் கேட்பது ஏறக்குறைய இப்படி:

"அம்மா, நாங்க ஒரு காலேஜ்ல இருந்து வர்றோம். இது வைத்தியம் பார்க்கிறதுக்கு இல்லீங்க. சில நோய் ஏன் ஒரே குடும்பத்துல திரும்பத் திரும்ப வருதுன்னு தெரிஞ்சுக்கப் பார்க்கிறோம். அதுக்கு உங்க கையில இருந்து ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் வேணும். குத்துறப்ப சுருக்குன்னு வலிக்கும். ரெண்டு நாளைக்குக் கன்னிப்போய் இருக்கலாம். இதுல உங்களுக்கு உடனே பிரயோஜனம் ஒண்ணும் இருக்காது. இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடலாம். அதனால ரேஷனோ பென்ஷனோ ஆஸ்பத்திரிச் சீட்டோ எதுவும் நிக்காது. இன்னைக்குச் சரின்னுட்டு அடுத்த மாசம் வேண்டாம்னு தோணினாலும் இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டாப் போதும்."

"வைத்தியம் இல்லை" என்ற சொல்லை எந்த அவசரத்திலும் விடாதீர்கள். வெள்ளைக் கோட்டு, ஊசி, ஐஸ் பெட்டி மூன்றையும் பார்த்தால் வைத்தியம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கேரளத்திலேயே இது மோசமாக நடந்திருக்கிறது. 1999, 2000 வாக்கில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஒரு புதிய ரசாயனத்தை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். அதன் பின்னால் இருந்தவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர். விஷயம் வெளியே வந்ததும் அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்தது. தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறாமல் நடந்த ஆய்வு, விலங்குகளிடம் போதுமான பாதுகாப்புச் சோதனையும் முன்கூட்டிச் செய்யப்படவில்லை என்று 2001-ல் அறிவித்தது. மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு இனி அவர் தலைமை தாங்கக் கூடாது என்றும் தடை போட்டது. அங்கே வந்தவர்கள் புற்றுநோய்க்கு வைத்தியம் கேட்டு வந்தவர்கள்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும், புரியாதவர்களிடமிருந்து இன்னும் வேகமாக வரும். நான் கேட்பது: "ராத்திரி உங்க மகன் வந்து, என்னத்துக்கு ரத்தம் கொடுத்தேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" அவர் சொல்வதைக் கேளுங்கள். "சர்க்கரை இருக்கான்னு பார்க்க" என்று சொன்னால் திரும்ப முதலிலிருந்து தொடங்குங்கள்.

கையெழுத்தும் கைநாட்டும்

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வாங்கும்போது படித்த ஒருவர் சாட்சியாக முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். அவர் உங்கள் குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும். பேச்செல்லாம் முடிந்த பிறகு ரோட்டில் போகிறவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது நிறைய நடக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தாளின் ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வயது வந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்துப் போட முடியாது. அவர் கணவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் அது அவர் இஷ்டம், காத்திருங்கள். கணவர் சரி என்று சொன்ன பிறகும் அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரு தடவை கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் அப்பா அல்லது அம்மாவின் சம்மதம் வேண்டும். அதோடு ஐசிஎம்ஆர் நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்ச்சொல்லும், 12-க்கு மேல் 18 வரை எழுத்திலும் இசைவு வேண்டும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் வார்டன் கையெழுத்து போதாது. 2009-ல், அன்று ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. பழங்குடி ஹாஸ்டல் பிள்ளைகள் பலருக்கு வார்டனும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் நேர்ந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இருப்பதாக விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. நல்ல தடுப்பூசி அது. பெற்றவர்களைக் கேட்காமல் போட்டதால் அதன் பேரும் சேர்ந்து கெட்டது.

'வேண்டாம்' என்பதைக் கேட்கப் பழகுங்கள்

நம் ஊரில் வாசலில் வந்தவரிடம் நேராக 'முடியாது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பார்க்கலாம்." "அவர் வரட்டும்." "நாளைக்கு வாங்களேன்." முதல் முறை சொன்னால் உண்மையாகவே நாளைக்கு வரச் சொல்கிறாரோ என்னவோ. இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால் அது 'வேண்டாம்'தான். மூன்றாம் முறை போகாதீர்கள். ரேஷன் கார்டை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றால், உங்களை அரசு ஆள் என்று நினைத்துப் பயந்திருக்கிறார். முதலில் கார்டை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு இத்தனை டியூப் என்று உங்கள் மேல் ஒரு எண்ணைச் சுமத்துவார்கள். இந்த எண்தான் கெட்ட சம்மதங்களுக்கெல்லாம் வேர் என்று நான் நினைக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வில் மாதக் கடைசி வாரத்தில் நாங்கள் பேசிய பேச்சை இன்று நினைத்தால் மனசு கூசுகிறது. பணம் கொடுத்து வாங்குவதும் அப்படித்தான். பஸ் கூலி, போன கூலியை ஈடு கட்டுவது நியாயம். அதற்கு மேல் கொடுத்தால் வறுமை கையெழுத்துப் போடும். மறுத்தவர்களின் எண்ணிக்கையையும் ஒழுங்காக எழுதி வையுங்கள். ஒருவர்கூட மறுக்காத ஊர் என்று உங்கள் நோட்டு காட்டினால் நான் அந்த நோட்டைச் சந்தேகிப்பேன்.

ஊசி

இது உங்களுக்கே தெரியும். அவர்கள் முன்னால் உறையைப் பிரித்துப் புது ஊசி என்று காட்டுங்கள். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மரபணுவுக்கு ஊதா மூடி டியூப். டியூபில் பெயர் எழுதக் கூடாது, குறியீட்டு எண் மட்டும். ஊசியை அங்கேயே குத்த முடியாத டப்பாவில் போட்டு உங்களோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சு ஒன்றுகூட அந்த முற்றத்தில் கிடக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

டியூப் எங்கே போகிறது

சாதாரண ரத்தப் பரிசோதனை என்றால் அளவு பார்த்ததும் கதை முடிந்தது. மரபணு விஷயம் அப்படி முடிவதில்லை. ஒரு டியூபிலிருந்து ஏறக்குறைய 300 கோடி மரபணு எழுத்துக்களைப் படித்துக் கணினியில் சேர்த்துவிட்டால், ரத்தம் தீர்ந்த பிறகும் அது கிடக்கும். 2020-ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பை இப்படிப் படித்து ஃபரீதாபாத்திலுள்ள தரவு மையத்தில் வைத்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்படிச் சேரும் தகவலால் நாளை நல்ல மருந்து வரலாம். வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா என்ற ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்து ரத்தக் கசிவு நின்றுபோன செய்தி 2024 டிசம்பரில் வந்தது. ஆராய்ச்சி நமக்கு வேண்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் இன்று ஒன்றுக்கு வாங்கியதை நாளை வேறொன்றுக்கு எடுப்பதற்கு அவர்களிடம் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்ற பழங்குடி வாழ்கிறது. சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு வருகிறது என்று கண்டுபிடிக்க 1990-லிருந்து அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். பிறகு அதே ரத்தத்தை மனச்சிதைவு நோய்க்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்க்கவும் பயன்படுத்தினார்கள். பள்ளத்தாக்குதான் தங்கள் பிறப்பிடம் என்று நம்பும் மக்கள் அவர்கள். வழக்குப் போட்டார்கள். 2010-ல் அரிசோனாவின் பல்கலைக்கழக நிர்வாகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

அதனால் தாளில் தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும்: இந்த ஆய்வுக்கு மட்டும், இதே நோய் பற்றிய வேறு ஆய்வுக்கும், எந்த ஆய்வுக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா, மறுபடி என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாமா. ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்து அவர்களையே டிக் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் நீங்களே டிக் போட்டுக்கொண்டு போவது எளிது, தவறு. பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் இருக்கும்வரை டியூபை அழித்துவிடலாம். அந்தப் பட்டியலை நீக்கிவிட்டால் எந்த டியூப் யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பெயர் எழுதாவிட்டால் ரகசியம் காத்துவிட்டோம் என்றும் நினைக்காதீர்கள். நாற்பது வீடு உள்ள குடியிருப்பில் 'பதினாறு வயது, அரிதான நோய், ஆண்' என்று எழுதினாலே ஊருக்கு ஆள் யாரென்று தெரியும். வீட்டுப் படத்தையோ ரிசல்ட் தாளையோ குழுவின் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

சொந்தத்தைப் பற்றிக் கேட்கும்போது

சொந்தத்தில் கல்யாணமா, மாமன் மகளா, அக்கா மகளா என்று படிவத்தில் கேள்வி வரும். குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் இந்தக் கேள்வி அம்மாவின் மேல் பழியாக விழுகிறது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். "எல்லா வீட்டிலேயும் கேட்கிறதுதாங்க" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அட்டப்பாடியில் அரிவாளணு ரத்தசோகை, சிக்கிள் செல் என்பது, எல்லோர் வாயிலும் இருக்கிறது. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது பக்கத்திலேயே, நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-ல். 2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசியத் திட்டம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. கோளாறுள்ள மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவருக்கு நோய் இல்லை, அவர் வழக்கம்போல வாழலாம். அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 'ஒவ்வொரு' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போட்ட ஒரு அப்பாவை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ரிசல்ட்டை முற்றத்தில் வைத்துச் சொல்லக் கூடாது. ஒரு பெண்ணின் தாளை அண்டை வீட்டார் பார்த்துவிட்டால் அவளுக்கு வர இருந்த வரன் நிற்கும், அவள் தங்கைக்கும் நிற்கும். ஒருவர் ரத்தம் அவர் உடன்பிறந்தவர்களைப் பற்றியும் பேசிவிடுகிறது. நமக்கு இதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் கிடையாது, ஆகவே வாய்தான் காவல். அப்பா பிள்ளை உறவே பொருந்தாத மாதிரி ஏதாவது லேபில் தெரியவந்தால் அது களப்பணியாளர் வாயிலிருந்து ஒருநாளும் வரக் கூடாது.

திரும்பிப் போவது

பெரும்பாலான மரபணு ஆய்வுகளில் ஆளுக்கு ஒரு ரிசல்ட் வராது. வராது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் அங்கே பார்த்த ரத்த அழுத்தம், ரத்தசோகை அளவு இதெல்லாம் அவர்களுடையவை. அன்றே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அளவு மோசமாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள்.

ஆய்வு முடிந்ததும் ஒரு நாள் கட்டாயம் போங்கள். இதற்கான பஸ் கூலியைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்க்கச் சொல்லி நச்சரியுங்கள், கடைசியில் கேட்டால் காசு தீர்ந்திருக்கும். அங்கன்வாடியில் கூட்டிவைத்து, என்ன தெரிந்தது என்று தமிழில் அரைமணி நேரம் பேசுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் போங்கள். ஆந்திர எல்லையையொட்டிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கினார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள், 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதற்காக அந்த ஊசியை இன்றும் போடுகிறோம். எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெளிவானதில் அந்த மக்களுக்குப் பங்கு உண்டு. அதைப் போய்ச் சொல்ல வேண்டியது நம் வேலை.

நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் அன்று நான் ரத்தம் எடுக்கவில்லை. பழைய குழுவை நான்கு மாதம் துரத்தி அவர்களின் பட்டியலை வாங்கினேன். அந்தத் தெருவில் முப்பத்தொரு வீட்டுக்கும் அவரவர் அளவைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். பாட்டிக்கு ஹீமோகுளோபின் 9.2-தான் இருந்தது. மூன்று வருடம் பழைய எண், அதனால் இப்போது எவ்வளவு என்று மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும் நாளையும் எழுதிக் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாதவர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து, அதற்குள் சீட்டை மடிக்காமல் வைத்தார். அப்புறம் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லு கண்ணு, நீ என்னத்துக்குக் கேட்டே?" என்றார்.